உபாத்தியாயரின் கேள்வி

புதிதாக உத்தியோகத்தில் சேருகிறவர்களிடம் பல காகிதங்கள் கேட்பது வழக்கம். பிறந்த தேதிக்கு ஒரு காகிதம். படித்த படிப்புக்கு ஒரு காகிதம். உடம்பு திடமாயிருக்கிறது என்பதற்கு ஒன்று. நடத்தை நல்ல நடத்தைதான் என்பதற்கு இன்னொன்று. இவற்றையெல்லாம் எப்படியாவது அலைந்து திரிந்து சேர்த்துக் கொடுத்து விடலாம். ஆனால் என் தங்கையின் பெண்ணுக்கு வந்த காகிதம் சற்று விபரீதமானது. அதில் நிரப்ப வேண்டியது நடந்து போன விஷயம் அல்ல. இனி நடக்க வேண்டிய விஷயம்.

அவள் தகுதித் தேர்வு எழுதி, பிறகு போட்டித் தேர்வும் எழுதி, திருப்பூர்ப் பக்கத்தில் ஓர் ஆரம்பப் பள்ளியில் உபாத்தியாயினியாகச் சேர்ந்திருக்கிறாள். புது ஆசிரியர்களுக்கு நடந்த ஒரு பயிற்சியில், "இன்னும் ஐந்து வருஷத்தில், பத்து வருஷத்தில், உத்தியோகம் முடியும் காலத்தில் நீங்கள் எப்படிப்பட்ட ஆசிரியராக இருக்க விரும்புகிறீர்கள்?" என்று கேட்டு ஒரு படிவம் கொடுத்தார்களாம். அதை எடுத்துக் கொண்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை என்னிடம் வந்தாள்.

"மாமா, நீங்கள் முப்பத்தெட்டு வருஷம் இதே வேலை பார்த்தவர். என்ன எழுதட்டும்?" என்று கேட்டாள்.

"நீ எழுதியிருப்பதை முதலில் காட்டு" என்றேன்.

பென்ஸிலால் எழுதியிருந்தாள். அஞ்சல் வழியில் எம்.ஏ. பட்டம், பிறகு பி.எட்.; ஆங்கிலத்திலும் கணினியிலும் தேர்ச்சி; பத்து வருஷத்துக்குள் தலைமை ஆசிரியர் பதவி; அப்புறம் செப்டம்பர் 5-ந் தேதி மேடையில் ஏறி நல்லாசிரியர் விருது. எல்லாம் நேர்த்தியாக, ஒன்றன் கீழ் ஒன்றாக, எண் போட்டு எழுதப்பட்டிருந்தன.

அதைப் படித்ததும் எனக்குச் சிரிப்பு வந்தது. அவளைப் பரிகசிப்பதற்காகச் சிரித்தேன் என்று நேயர்கள் எண்ணக் கூடாது. நான் 1986-ஆம் வருஷம் உத்தியோகத்தில் சேர்ந்தபோது ஏறக்குறைய இதே ஜாபிதாவை என் டயரியின் முதல் பக்கத்தில் எழுதி வைத்திருந்தேன். கணினி ஒன்றுதான் அதில் இல்லை. அந்த ஜாபிதாவினால் விளைந்த ஒரு காரியத்தை அவளிடம் அன்று சொன்னேன். அதையே இங்கும் சொல்லுகிறேன். என் பெருமைக்குச் சொல்லும் விஷயம் அல்ல அது.

*

நான் முதன்முதல் வேலைக்குப் போனது புதுக்கோட்டை ஜில்லாவில் ஒரு சின்னக் கிராமத்துக்கு. ஈராசிரியர் பள்ளி, ஐந்து வகுப்புகள், ஒரே ஒரு நீளமான ஓட்டுக் கட்டடம். தலைமை உபாத்தியாயர் ஒன்றாம் வகுப்பையும் இரண்டாம் வகுப்பையும் வைத்துக் கொண்டார். மூன்று, நான்கு, ஐந்து என் பொறுப்பு. மூன்று வகுப்புக்கும் ஒரே கரும்பலகை. மத்தியானச் சத்துணவுக்கு மணி அடிக்கும் வரையில் பிள்ளைகளைச் சத்தமில்லாமல் வைத்திருப்பதே பெரிய வித்தை என்று நான் எண்ணிய காலம்.

நானோ அப்போது பி.ஏ. பரீட்சைக்கு அஞ்சல் வழியில் படித்துக் கொண்டிருந்தேன். பாடங்கள் தபாலில் வரும். அவற்றை மேஜை மேல் புத்தகங்களுக்கு நடுவில் வைத்துக் கொள்வேன். "பாடத்தைப் பார்த்து இரண்டு தடவை எழுதுங்கள்" என்று பிள்ளைகளுக்கு உத்தரவு போட்டுவிட்டு, நான் என் பாடத்தைப் படிப்பேன். உபாத்தியாயர் முன்னேற வேண்டியது அவசியம் அல்லவா? நான் முன்னேறிக் கொண்டிருந்தேன்.

1988-ஆம் வருஷம் ஐந்தாம் வகுப்பில் ஒரு பையன் இருந்தான். கறுத்து மெலிந்த தேகம், பளிச்சென்ற கண்கள். தமிழ்ப் பாடப் புத்தகத்தில் எந்தப் பக்கத்தைத் திறந்து கொடுத்தாலும் விரலை வைத்து மடமடவென்று வாசிப்பான். ஓர் எழுத்துத் தவறாது. ஒரு முறை பள்ளிக்கூட இன்ஸ்பெக்டர் பார்வையிட வந்தபோது, அவனைத்தான் நிறுத்தினேன். அவர் கேட்டு மகிழ்ந்து, பார்வைப் புத்தகத்தில் வாசிப்புத் திறன் நன்று என்று எழுதிவிட்டுப் போனார். அன்று முழுவதும் எனக்குத் தரையில் கால் பாவவில்லை.

1989-ஆம் வருஷம் ஏப்ரல் மாதம். முழு ஆண்டுப் பரீட்சை முடிந்து, தேர்ச்சிப் பட்டியலில் எல்லோருக்கும் எழுத வேண்டியதை எழுதிக் கொண்டிருந்தேன். அந்தப் பையனுடைய தாயார் வாசற்படியில் வந்து நின்றாள். கையில் ஓர் இன்லண்டு கடிதம்.

"சார், இதைக் கொஞ்சம் படிச்சுச் சொல்லணும்" என்றாள்.

"ஏன், உங்கள் பிள்ளை படிக்க மாட்டானா? அவன்தானே இங்கே முதல்!" என்றேன்.

அவள் பதில் சொல்லவில்லை. கடிதத்தை நீட்டினாள். அவளுடைய புருஷன் வெளி ஜில்லாவில் கிணறு வெட்டும் வேலைக்குப் போயிருந்தான். கடிதம் அவன் சொல்ல வேறு யாரோ எழுதியது. காய்ச்சல் கண்டு படுத்திருப்பதாகவும், எழுந்து நடக்க முடியவில்லை என்றும், யாராவது உடனே வந்து அழைத்துப் போக வேண்டும் என்றும் எழுதியிருந்தது. கடிதம் வந்து எட்டு நாளாகியிருந்தது.

"எட்டு நாளாக என்ன செய்தீர்கள்?" என்று கேட்டேன்.

"வந்த அன்னைக்கே புள்ளை படிச்சான், சார். அப்பா நல்லா இருக்காராம், அடுத்த மாசம் பணம் அனுப்புறாராம், ஆட்டை விக்க வேண்டாமாம்னு படிச்சான். நேத்து அந்தப் பக்கத்துலேயிருந்து வந்த ஆளு வேற மாதிரி சொல்றாரு. அதான் உங்ககிட்டக் கொண்டாந்தேன்."

பையனை வரவழைத்தேன். புதிதாக ஒரு வாக்கியத்தைக் கரும்பலகையில் எழுதினேன். அவன் அதைப் பார்த்தான், என்னைப் பார்த்தான், பிறகு தரையைப் பார்த்தான். அவனுக்கு வாசிக்கத் தெரியாது. ஒரு சொல்கூடத் தெரியாது. மற்றப் பிள்ளைகள் வாசிப்பதைக் காதால் கேட்டுக் கேட்டு, புத்தகம் முழுவதையும் படத்தின் அடையாளத்தோடு நெட்டுருப் போட்டிருந்தான். அப்பேர்ப்பட்ட ஞாபக சக்தி! தாயாரிடம் தெரியாது என்று சொல்ல வெட்கப்பட்டு, ஒரு நல்ல கடிதத்தைத் தானே இட்டுக்கட்டி வாசித்திருக்கிறான்.

அந்த அம்மாள் என்னைத் திட்டவில்லை. "அஞ்சு வருஷம் வந்தானே, சார்" என்று மட்டும் சொன்னாள். பையனின் தோளைப் பிடித்து அழைத்துக் கொண்டு போய்விட்டாள்.

தகப்பனாரை உறவினர்கள் போய் அழைத்து வந்தார்கள். உயிருக்கு அபாயம் நேரவில்லை. ஆனால் பழையபடி கடப்பாரை பிடிக்கும் பலம் அவனுக்குத் திரும்பவில்லை. பையன் ஆறாம் வகுப்புக்குப் போகவில்லை. பதினோரு வயதில் வெளியூரில் ஒரு கடையில் எடுபிடி வேலைக்கு அனுப்பி விட்டார்கள். என்னுடைய தேர்ச்சிப் பட்டியலில் அவன் பெயருக்கு நேரே "தேர்ச்சி" என்று எழுதியிருந்தது. எழுதியவன் நான்.

அந்த வருஷம் நான் பி.ஏ. பரீட்சையில் தேறினேன்.

*

அந்தப் பரீட்சைக்காகப் படித்த புத்தகங்களில் மகாமகோபாத்தியாய உ.வே. சாமிநாதையரின் 'என் சரித்திரம்' ஒன்று. 1940 முதல் ஆனந்த விகடனில் வாரந்தோறும் வெளிவந்து, 1942-ல் ஐயரவர்கள் காலமானதும் முற்றுப் பெறாமல் நின்ற சரித்திரம் அது. பரீட்சைக்காக அதை வாசித்தபோது எனக்குப் புலப்படாத ஒரு விஷயம், பரீட்சை முடிந்து அந்தக் கோடையில் மறுபடியும் எடுத்து வாசித்தபோது புலப்பட்டது.

ஐயரவர்கள் 1880-ஆம் வருஷம் கும்பகோணம் கல்லூரியில் தமிழாசிரியராக அமர்ந்தார். அப்போது அவருக்கு வயது இருபத்தைந்து. மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளையிடம் பாடம் கேட்டவர். அந்தாதிகள், கலம்பகங்கள், பிள்ளைத்தமிழ்கள், புராணங்கள் என்று எத்தனையோ நூல்களைக் கரைத்துக் குடித்தவர். நிரந்தரமான உத்தியோகம் கிடைத்துவிட்டது. மனிதர் நிம்மதியாக உட்கார்ந்திருக்கலாம்.

அதே வருஷம் அக்டோபர் மாதத்தில், அவ்வூருக்கு முன்சீபாக வந்திருந்த சேலம் இராமசுவாமி முதலியாரைப் பார்க்கப் போனார். என்னென்ன படித்திருக்கிறீர்கள் என்று முதலியார் விசாரித்தார். ஐயர் தாம் படித்த நூல்களை வரிசையாகச் சொன்னார். முதலியாருக்கு அதில் திருப்தி ஏற்படவில்லை. சீவக சிந்தாமணி படித்ததுண்டா, சிலப்பதிகாரம் உண்டா, மணிமேகலை உண்டா என்று கேட்டார். ஐயர் அவற்றைப் படித்ததில்லை.

இதைக் கேட்டு வேறொருவர் கோபித்துக் கொண்டிருக்கலாம். ஐயரவர்கள் அந்தக் கேள்வியை வீட்டுக்கு எடுத்துக் கொண்டு போனார். சிந்தாமணி ஏட்டைப் படிக்கத் தொடங்கி, விளங்காத இடங்களில் திகைத்து, ஜைனர்களிடம் போய் அவர்கள் மத நூற் செய்திகளைக் கேட்டறிந்து, ஊர் ஊராகச் சுவடி தேடி, ஏழு வருஷம் உழைத்து 1887-ல் சிந்தாமணியைப் பதிப்பித்தார். 1889-ல் பத்துப்பாட்டு வந்தது, 1892-ல் சிலப்பதிகாரம், 1894-ல் புறநானூறு, 1898-ல் மணிமேகலை. இத்தனைக்கும் இடையில் அவர் தினந்தோறும் கல்லூரிக்குப் போய்ப் பாடம் சொல்லிக் கொண்டுதான் இருந்தார்.

அந்த இருபத்தைந்து வயது உபாத்தியாயரிடம் 1880-ல் யாராவது ஒரு படிவத்தைக் கொடுத்து, "பத்து வருஷத்தில் என்ன ஆவீர்?" என்று கேட்டிருந்தால், புறநானூற்றைப் பதிப்பிப்பேன் என்று எழுதியிருக்க முடியுமா? முடியாது. அவரிடம் இருந்தது பத்து வருஷத் திட்டம் அல்ல. விடை தெரியாத ஒரு கேள்வி. தெரியாததைத் தெரியாது என்று ஒப்புக் கொண்டதுதான் அவருடைய முதற்படி.

என்னிடமும் அப்போது ஒரு கேள்வி இருந்தது. அவருடைய கேள்வியைப் போல மேலான கேள்வி அல்ல அது. ஆனாலும் ஒரு குடும்பத்தின் அடுப்பை அணைத்த கேள்வி. ஐந்து வருஷம் பள்ளிக்கு வந்த பிள்ளைக்கு ஏன் வாசிக்கத் தெரியவில்லை?

டயரியின் முதல் பக்கத்தைக் கிழித்தேன். அடுத்த பக்கத்தில் அந்தக் கேள்வியை மட்டும் எழுதினேன்.

*

மறு வருஷத்திலிருந்து ஒரு நோட்டுப் புத்தகம் வைத்துக் கொண்டேன். தினம் சாயங்காலம் பள்ளி விட்டதும் பத்து நிமிஷம். இன்று யாருக்கு எது புரியவில்லை, எந்த இடத்தில் தடுமாறினான், ஏன்? இவ்வளவுதான். முதலில் பெயர்கள் மட்டும் சேர்ந்தன. கொஞ்ச நாளில் காரணங்களும் தெரிய ஆரம்பித்தன.

"கொடி" என்ற சொல்லில் பல பிள்ளைகள் நின்று விடுவதைக் கவனித்தேன். "கொ" என்ற ஒரே எழுத்தைக் கண் மூன்று துண்டாகப் பார்க்கிறது. முன்னால் ஒரு கொம்பு, நடுவில் "க", பின்னால் ஒரு கால். வாயில் பின்னால் வரும் ஒலிக்கு உரிய கொம்பு, எழுத்தில் முன்னால் வந்து நிற்கிறது. நமக்குப் பழகிப் போனதால் இது விசித்திரமாகத் தோன்றவில்லை. ஆறு வயதுப் பிள்ளைக்கு இது பெரிய அநியாயம். அந்தக் காலும் "ர" என்ற எழுத்தும் ஏறக்குறைய ஒரே சாயல். அதில் இன்னொரு குழப்பம். உபாத்தியாயர் இதை அறிந்திருந்தால் அங்கே இரண்டு நாள் நிதானிப்பார். நான் அறிந்திருக்கவில்லை, ஒரே வாரத்தில் முழு வரிசையையும் ஓட்டிவிட்டேன்.

நெட்டுருக்காரர்களைக் கண்டு பிடிக்கவும் ஓர் உபாயம் அகப்பட்டது. பாடத்தைக் கடைசிச் சொல்லிலிருந்து முதற்சொல் வரையில் தலைகீழாக வாசிக்கச் சொல்ல வேண்டும். வாசிக்கத் தெரிந்தவன் மெதுவாகவாவது வாசிப்பான். நெட்டுருப் போட்டவன் முதல் அடியிலேயே நின்று விடுவான்.

1991-ஆம் வருஷம் எங்கள் ஜில்லாவில் அறிவொளி இயக்கம் தொடங்கியது. புதுக்கோட்டைப் பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றுக் கொண்டு ஊர் ஊராகக் கிளம்பியது அப்போதுதான். இரவு வகுப்புகளுக்கு நானும் தொண்டனாகச் சேர்ந்தேன். அங்கே பாடம் அகர வரிசையில் ஆரம்பிக்கவில்லை. அவர்கள் வாழ்க்கையில் புழங்கும் சொற்களிலிருந்து ஆரம்பித்தது. அதிலிருந்து நான் கற்றது அதிகம். என் கேள்விக்கு விடையில் ஒரு பாதி அங்கே கிடைத்தது. அந்த வகுப்புக்கு அந்தப் பையனின் தாயாரும் வந்தாள். லாந்தர் வெளிச்சத்தில் எழுத்துக் கூட்டி வாசிக்கக் கற்றுக் கொண்டாள். அவளுடைய மகன் மட்டும் வரவில்லை. அவன் வெகு தூரத்தில் இருந்தான்.

2007-ல் செயல்வழிக் கற்றல் மாநிலம் முழுவதும் வந்தது. அட்டைகளும் ஏணிப் படிகளுமாக, ஒவ்வொரு பிள்ளையும் தன் தன் வேகத்தில் போகும் முறை. 2022-ல் எண்ணும் எழுத்தும் திட்டம் வந்தது. கொரோனாக் காலத்தில் பள்ளிகள் மூடிக் கிடந்ததால் பின்தங்கிய சின்ன வகுப்புக் குழந்தைகளுக்காக ஏற்பட்டது. ஒவ்வொன்றுக்கும் பயிற்சி உண்டு; தேநீர் உண்டு; சான்றிதழ் உண்டு. "இன்னொரு புதுத் திட்டமா?" என்று அலுத்துக் கொண்ட நண்பர்களும் உண்டு. அவர்கள் மேல் குற்றம் இல்லை. கேள்வி இல்லாமல் போகிறவனுக்குப் பயிற்சியில் தேநீர் மட்டுமே கிடைக்கும். கையில் ஒரு கேள்வியோடு போகிறவன் எந்தப் பயிற்சியிலும் ஏதாவது ஒன்றைப் பொறுக்கிக் கொண்டு வருவான். முப்பத்தைந்து வருஷத்தில் நான் கண்ட பெரிய உண்மை இதுதான்.

*

இதையெல்லாம் கேட்டுக் கொண்டிருந்த பெண், "அப்படியானால் எம்.ஏ. படிக்க வேண்டாம் என்கிறீர்களா, மாமா?" என்று கேட்டாள்.

"நன்றாகப் படி, அம்மா. நானும் பிறகு எம்.ஏ. படித்தேன், தலைமை உபாத்தியாயராகவும் ஆனேன். ஆனால் ராத்திரியில் படித்தேன், வகுப்பில் படிக்கவில்லை. பட்டமும் பதவியும் உன்னை மேலே கொண்டு போகும். அவை உன் வகுப்புப் பிள்ளையையும் மேலே கொண்டு போகுமா என்று ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு கேள்வி போட்டுக் கொள். அவ்வளவுதான்" என்றேன்.

பிறகு ஒரு கணக்கும் சொன்னேன். 2020-ஆம் வருஷத்துத் தேசியக் கல்விக் கொள்கை, ஆசிரியர் ஒவ்வொருவரும் வருஷத்துக்கு 50 மணி நேரமாவது தம் தொழில் வளர்ச்சிக்குச் செலவிட வேண்டும் என்கிறது. நல்ல யோசனை. 2009-ஆம் வருஷத்துக் கல்வி உரிமைச் சட்டமோ, ஆரம்ப வகுப்புகளில் வருஷத்துக்கு 200 வேலை நாளும் 800 மணி நேரப் பாடமும் நடக்க வேண்டும் என்கிறது. ஐம்பது மணி நேரம் பெரியவர்கள் நமக்குக் கற்றுக் கொடுக்கிறார்கள். எண்ணூறு மணி நேரம் குழந்தைகள் நமக்குக் கற்றுக் கொடுக்கிறார்கள். பெரிய பயிற்சிக் கூடம் எது?

தேசத்தின் கதையும் இதுவே. 1950-ல் நம் அரசியல் சட்டம் அமலுக்கு வந்தபோது, பத்து வருஷத்துக்குள் பதினான்கு வயது வரையில் எல்லாக் குழந்தைகளுக்கும் இலவசக் கட்டாயக் கல்வி அளிக்க அரசு முயல வேண்டும் என்று அதில் எழுதினார்கள். அது உன்னதமான லட்சியம். அந்தப் பத்து வருஷம் 1960-ல் முடிந்தது. கல்வியை உரிமையாக்கும் சட்டம் 2010-ஆம் வருஷம் ஏப்ரல் முதல் தேதிதான் அமலுக்கு வந்தது. காகிதத்தில் எழுதிய லட்சியம் காகிதத்திலிருந்து இறங்கி நடக்க அத்தனை காலம் ஆயிற்று. அது இறங்கி நடக்க வேண்டிய கடைசிப் படி எங்கே இருக்கிறது? ஓர் ஓட்டுக் கட்டடத்தில், ஒரு கரும்பலகைக்கு முன்னால், ஒரு புது வாத்தியாரின் காலடியில்.

2007-ஆம் வருஷம், பல ஊர்களுக்கு மாற்றலாகித் திரிந்த பிறகு, அதே கிராமத்துப் பள்ளிக்குத் தலைமை உபாத்தியாயராகப் போனேன். ஜூன் மாதம் ஒருவன் தன் பெண் குழந்தையை ஒன்றாம் வகுப்பில் சேர்க்க வந்தான். பதிவேட்டில் கையெழுத்துப் போட்டான். படம் வரைவது போல மெதுவாகப் போட்டான். நிமிர்ந்து பார்த்தபோதுதான் அந்தக் கண்களை அடையாளம் கண்டு கொண்டேன்.

"கையெழுத்து மட்டும் பழகிக்கிட்டேன், சார்" என்று சிரித்தான். பிறகு, "இவளுக்குப் படிக்கச் சொல்லிக் கொடுங்க, சார்" என்றான்.

அவன் குரலில் குறை கூறும் தொனி சிறிதும் இல்லை. அதுதான் என்னைச் சுட்டது. இரண்டாம் வகுப்பு முடிவதற்குள் அந்தக் குழந்தை தினசரிப் பத்திரிகையைத் தலைகீழாகவும் நேராகவும் வாசித்தாள். அதனால் என் கடன் தீர்ந்து விட்டது என்று நான் சொல்லவில்லை. மகளுக்குக் கொடுத்தது தகப்பனுக்குக் கொடுத்ததாகாது.

*

என் தங்கை பெண் வெகு நேரம் பேசாமல் இருந்தாள். பிறகு தன் வகுப்பைப் பற்றிச் சொல்லலானாள். அவளுடைய இரண்டாம் வகுப்பில் ஒடிஸாவிலிருந்து பனியன் கம்பெனி வேலைக்கு வந்தவர்களின் குழந்தைகள் மூன்று பேர் இருக்கிறார்கள். அவர்கள் வீட்டில் தமிழ் இல்லை. வகுப்பில் அவர்கள் வாயே திறப்பதில்லை. எழுதச் சொன்னால் கரும்பலகையில் உள்ளதை அழகாகப் பார்த்து எழுதி விடுகிறார்கள்.

"நோட்டைப் பார்த்துச் சரி போட்டுக் கொண்டிருக்கிறேன், மாமா" என்றாள். சொல்லும்போதே அவள் குரல் தணிந்து விட்டது.

நான் ஒன்றும் சொல்லவில்லை. அவள் ரப்பரை எடுத்துப் பென்ஸில் எழுத்தையெல்லாம் அழித்தாள். எம்.ஏ. பட்டத்தை மட்டும் விட்டு வைத்தாள். அதையும் கடைசி வரிக்கு இறக்கினாள். மேலே, ஐந்து வருஷம் என்ற கட்டத்தில், "வீட்டில் தமிழ் பேசாத குழந்தைக்குத் தமிழ் வாசிக்கக் கற்றுக் கொடுப்பது எப்படி?" என்று எழுதினாள். அதற்குக் கீழே, இந்த மாதம் செய்ய வேண்டியது என்று தானே ஒரு கோடு போட்டு, "அந்த மூன்று குழந்தைகளின் வீட்டுக்குப் போக வேண்டும், ஒடியாவில் ஐம்பது சொற்கள் கற்க வேண்டும்" என்று எழுதிக் கொண்டாள்.

"படிவத்தில் லட்சியம் எழுதச் சொன்னார்கள், நான் கேள்வி எழுதியிருக்கிறேனே, ஒப்புக் கொள்வார்களா?" என்று கேட்டாள்.

"அதை அவர்கள் பார்த்துக் கொள்ளட்டும். நாளைக்கு அந்தக் குழந்தைகளின் நோட்டைக் கொஞ்சம் மூடி வைத்துவிட்டு, அவர்களோடு பேசு" என்றேன்.